கழற்றி மாட்டும் வீடு

என் வீட்டுக்காரருக்கு முதலில் போனது இடது கண். சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று சேலத்தில் டாக்டர் சொன்னார். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். வலது கண்ணிலும் அது ஆரம்பித்துவிட்டது, எவ்வளவு காலம் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வண்டி ஓட்டலாமுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

வாழவந்தியிலிருந்து ஏற்காட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஒன்று எங்களுடையது. சனி, ஞாயிறிலும் கோடை லீவிலும் அதே வேனில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு ஏரி, தோட்டங்கள், சேர்வராயன் கோயில் என்று சுற்றிக் காட்டுவார். இருபது வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். மலை ரோட்டைத் தவிர வேறு ரோட்டில் அவர் அதிகம் ஓட்டியதில்லை. நான் பஜார் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை.

அன்று மலை ஏறும் பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருடைய வலது கால் தானாக அழுந்தியது. டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்பே இவர் போட்டுவிடுவார்.

"தனுஷ்கோடிக்குப் போற ரோட்டப் பத்தி டூரிஸ்ட்காரங்க போன்ல காட்டுனாங்க புள்ள," என்றார். "ரெண்டு பக்கமும் கடலு. நடுவுல நூல் புடிச்சாப்ல நேரா ஓடுது. ஒரு வளைவு கெடையாது. ஒரு கண்ணு இருக்கறப்பவே அதுல ஒருக்கா ஓட்டிப் பாத்தரோணும்."

"ஓட்டலாமுங்க," என்றேன்.

மறுநாளே பிள்ளைகள் வண்டிக்குச் சம்பளத்துக்கு ஒரு டிரைவரைப் போட்டார். வளைவில் எதிரே வருவது தெரியாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் தனுஷ்கோடிக்கு மட்டும் தானே ஓட்டுவது என்பதில் மாறவில்லை. சமவெளி ரோட்டுக்கு ஒரு கண் போதும் என்பது அவர் கணக்கு.

போகிற வழியெல்லாம் லாட்ஜ் எடுத்துத் தங்க எங்களால் முடியாது. அதற்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. முந்தைய கோடையில் வடக்கேயிருந்து ஒரு கணவன் மனைவி வேனுக்குள்ளேயே வீடு வைத்துக்கொண்டு வந்து ஏரிப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, எல்லாம் உள்ளேயே இருந்தது. இவர் அவர்களுக்குத் தண்ணீர் கேன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வண்டிக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு வந்தார். அதேபோல் ஒன்றை நம் வேனிலும் செய்துவிடலாம் என்றார்.

"ஸ்கூல் வண்டிக்குள்ள கட்டிலப் போட்டா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. குடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"நிரந்தரமா யாரு போடறா? லீவுல மாட்டறது, லீவு முடிஞ்சா கழட்டறது. சீட்டு உக்காந்திருக்கற போல்ட் ஓட்டையிலயே நம்ம பெட்டியும் உக்காரும். தகரத்துல புதுசா ஒரு துளை கூடப் போட வேண்டாம்."

நான் வேலை பார்த்த லாட்ஜில் அப்போது ரூம்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பழைய அலமாரிக் கதவுகளையும் ஸ்பாஞ்ச் மெத்தைகளையும் பின்பக்கம் மழையில் போட்டிருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டேன். குப்பை வண்டிக்குக் கொடுப்பதை நீயே எடுத்துக்கொள் என்றார். எங்கள் வேனிலேயே ஏற்றிவந்தோம். ஓரங்கள் ஊறிப்போயிருந்த பலகைகளை வெட்டிவிட்டு நல்ல பாகத்தை எடுத்தோம். அடிச்சட்டத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் வெட்டிப்போட்ட சில்வர் ஓக் மரத்தில் கொஞ்சம் கிடைத்தது.

அவர் மனதில் போட்டிருந்த திட்டம் எளிமையானது. மூன்று பெட்டிகள். மூன்றையும் சேர்த்து மாட்டினால் இரண்டு பேர் படுக்கும் கட்டில். ஒன்றின் மூடியைத் தூக்கினால் துணிமணியும் போர்வையும். இன்னொன்றில் தண்ணீர் கேனும் அரிசி பருப்பும். பின்கதவோரம் இருக்கும் மூன்றாவதில் சின்ன கேஸ் அடுப்பு. கதவைத் தூக்கிவிட்டு வெளியே நின்றபடி சமைக்கலாம். தரையோடு பெட்டியைப் பிடிக்கும் நட்டுகளை மட்டும் காசு கொடுத்து வாங்கினார். ஸ்பேனர் வேண்டாம், கையாலேயே திருகிக் கழற்றலாம் என்று இரண்டு பக்கமும் இறக்கை வைத்த நட்டாகப் பார்த்து வாங்கினார்.

பென்சில் கோடு அவருக்குத் தெரியவில்லை. அதனால் ஆணியால் பலகையைக் கீறி, அந்தக் கீறலில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டு அறுக்கும் வாளை வைப்பார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். வெட்டு விலகினால் நான் சொல்ல வேண்டும்.

"இக்கட்ட வருதுங்க," என்பேன்.

"எக்கட்ட?"

"உங்க கைப்பக்கம்."

அந்த மாதங்களில் நாங்கள் பேசிக்கொண்ட அளவு அதற்கு முன் பேசியதில்லை. பேச்செல்லாம் பலகை, திருகாணி, கீல் பற்றித்தான். கண்ணைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது ஒரு பெட்டிக்கு நீல பெயின்ட் அடித்து முடித்துவிட்டு பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடியின் ஒரு பக்கம் முழுக்க வெறும் மரமாகவே இருந்தது. பிரஷ் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"நல்லா வந்திருக்குதா புள்ள?"

"நல்லா வந்திருக்குதுங்க."

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் மிச்சத்தை நான் அடித்தேன். குளித்துவிட்டு வந்தவர் பெட்டியருகே நின்றார். புது பெயின்ட் வாசம் அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு பிரஷ்ஷை அவர் எடுக்கவே இல்லை.

இடையில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வழியில் அவருக்குக் களைப்பு வந்தால் மாற்றிக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொன்னார். மத்தியான நேரத்தில், போக்குவரத்து இல்லாத எஸ்டேட் ரோட்டில், பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கியரக் கொறை, வண்டி அழுவுது கேக்கல?" என்பார். எனக்குக் கேட்காது. கொஞ்ச நாள் போனதும் கேட்க ஆரம்பித்தது. லைசென்ஸும் வாங்கினேன்.

காலாண்டு லீவுக்குக் கிளம்புவது என்று முடிவு செய்திருந்தோம். லீவு வருவதற்கு முன்பு ஒரு காலையில் அவர் வாசல்படியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குப் பனி நொம்பக் கட்டியிருக்குது. வெளிச்சத்தப் போட்டுட்டு மெதுவா ஓட்டச் சொல்லு அந்த டிரைவர."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. எதிரே மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. வேனுக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் நிழல் ரோட்டில் நீளமாக விழுந்திருந்தது.

"பனி இல்லீங்க," என்றேன். "வெயில் அடிக்குது."

அவர் கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

சேலத்தில் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்பார். அவ்வளவுதான். காலாண்டு லீவு ஆஸ்பத்திரியிலேயே போனது.

தனுஷ்கோடி பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. பெட்டிகள் வீட்டின் பின்னறையில் கிடந்தன. அரையாண்டு லீவு விட்டதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"போயிட்டு வரலாமுங்க. நான் ஓட்டறன்."

"எதுக்கு?"

"செஞ்சு வெச்சது சும்மா கெடக்குதில்லீங்களா."

"சீட்டக் கழட்டு," என்றார்.

டிரைவரும் நானும் சீட்டுகளைக் கழற்றி இறக்கிப் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினோம். நட்டுகளை அவர்தான் முடுக்கினார். வேனுக்குள் தவழ்ந்து, போல்ட்டைத் தேடி, இறக்கையைப் பிடித்துத் திருகி, பெட்டியை ஆட்டிப் பார்த்து அடுத்ததற்கு நகர்ந்தார். ஒரு பெட்டியும் ஆடவில்லை. கட்டில் இம்மி பிசகாமல் சேர்ந்தது. அப்போது அவர் முகத்தில் பழைய ஆள் கொஞ்சம் தெரிந்தார். நானும் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

மலைக்குப் பழகிய நாங்கள் பெட்டி செய்யும்போது சமவெளிச் சூட்டைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மார்கழியிலும் மதுரை தாண்டிப் புழுக்கம். ஸ்பாஞ்ச் மெத்தை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கம்பளிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, ஒரு விசிறி இல்லை. கதவைத் திறந்தால் கொசு, மூடினால் மூச்சு முட்டியது. பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தி, பின்கதவைத் தூக்கிச் சோறு வடித்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு வெளியே போக வேண்டும் என்றார். ஆண்கள் கழிவறைக்குள் நான் போக முடியாது. பக்கத்தில் நின்ற லாரிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் நல்ல மாதிரியாகத்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். உள்ளே என்ன நடந்ததோ, திரும்பி வரும்போது இவருடைய வேட்டியும் சட்டையும் நனைந்திருந்தன. நான் மாற்றுத் துணி எடுத்துக் கொடுத்தேன். மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு வழியில் எங்கேயும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

பாம்பன் பாலத்தில் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்த காற்றை முகர்ந்து பார்த்தார். "உப்பு," என்றார். ராமேஸ்வரம் தாண்டி அந்த ரோட்டில் ஏறினோம். போனில் பார்த்தது போலவேதான் இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நேராகக் கறுப்பு ரோடு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை எனக்கு முழுக்கத் தெரிந்தது.

"வந்திருச்சா?"

"வந்திருச்சுங்க. அதுலதான் போறோம்."

"எப்படி இருக்குது?"

எனக்கு விவரித்துச் சொல்லத் தெரியாது. "நேரா இருக்குதுங்க. மணலு, தண்ணி. அக்கட்டயும் தண்ணி," என்றேன். சொன்னதும் அது போதாது என்று தெரிந்தது. முன்னால் பின்னால் வண்டி இல்லாத இடத்தில் ஓரமாக நிறுத்தினேன்.

"கொஞ்சம் புடிச்சுப் பாக்கறீங்களா? நான் பக்கத்துல இருந்துக்கறன்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் கையை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விரல்கள் ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தன. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல என்ன இருக்குது புள்ள. நேராத்தான போவுது. திருப்பு, ஊட்டுக்குப் போலாம்."

ரோடு முடியும் முனை வரை போகவே இல்லை. நான்கைந்து நாள் தங்குவதாக வந்தவர்கள் அங்கேயே திருப்பிக்கொண்டோம். வரும் வழியில் அவர் கட்டிலில் படுத்தே வந்தார். தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. மலையடிவாரம் வந்து முதல் வளைவில் நான் கியரைக் குறைத்தபோது, பின்னாலிருந்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கடைசி வளைவு வரை எதுவும் சொல்லவில்லை.

பெட்டிகளைக் கழற்றிச் சீட்டுகளை மாட்டினோம். அதன் பிறகு அந்தப் பெட்டிகள் வேனில் ஏறியதில்லை. பின்னறையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அடிப்பலகை உப்பி, கீல் துருவேறி, இப்போது மூடியைத் திறக்க முடிவதில்லை. விறகுக்குக் கேட்ட ஒருவரிடம் கொடுத்துவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்," என்றார். நான் கொடுக்கவில்லை. வைத்திருப்பதற்கும் காரணம் ஒன்றும் இல்லை.

சம்பள டிரைவர் வேறு வேலைக்குப் போனதும் லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு நானே பிள்ளைகள் வண்டியை ஓட்டுகிறேன். பொம்பளை ஓட்டுகிறாளே என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்கள் இப்போது பழகிவிட்டார்கள். அவர் வீட்டில் இருக்கிறார். ரேடியோ வாங்கிக் கொடுத்தேன், கேட்பதில்லை. பிடித்துக்கொண்டு நடக்க ஒரு குச்சி வாங்கிக் கொடுத்தேன், மூலையில் சாய்ந்திருக்கிறது. கண் தெரியாதவர்களுக்குச் சேலத்தில் ஏதோ பயிற்சி கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்து சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

இந்த வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டியிருந்தது. நீங்களும் வாருங்கள் என்று கேட்டேன். ஆச்சரியமாகச் சரி என்றார். வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன், தலை சீவிவிட்டேன். வண்டி வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். உள்ளே இருந்த ஒரு பாட்டி, "வா சாமி, இங்க உக்காரு," என்று நகர்ந்து இடம்விட்டது. அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். மற்றொரு காலைத் தூக்காமல் அப்படியே நின்றார்.

"நீ போயிட்டு வா," என்றார்.

"எல்லாரும் தெரிஞ்சவங்கதானுங்க."

"அதனாலதான். நீ போ."

அவரைத் திரும்பக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன். சட்டையைக் கழற்றட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை அசைத்தார். வெளியே வண்டியில் ஆட்கள் காத்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தேன்.