கிட்ட நின்று எடுத்த படம்

என் அத்தைக்கு வந்த முதல் இரண்டு வரன்களும் என்னால்தான் தட்டிப்போயின என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்பாவின் தங்கை அவள். தஞ்சாவூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. படிப்பு முடிந்து கல்யாணம் என்று அவளும், சம்பா அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று அப்பாவும் சொன்னார்கள். வழக்கம்போல அப்பாதான் ஜெயித்தார்.

ஜாதகத்தோடு அனுப்பப் படம் வேண்டுமென்று அப்பா தன் போனை என்னிடம் கொடுத்தார். எனக்கு ஒன்பது வயது. நாற்காலியில் உட்கார்ந்த அத்தை, "கிட்ட வாடி, இன்னும் கிட்ட" என்றாள். அவள் மூச்சு என்மேல் படுகிற தூரத்தில் நின்று எடுத்தேன். படத்தில் மூக்கு கத்தரிக்காய் மாதிரி முன்னால் வந்திருந்தது, காதுகளையே காணோம். இதுவே போதும் என்று சொல்லி, தரகருக்கு அத்தையே அனுப்பிவைத்தாள்.

இரண்டு வீட்டாரும் பொருத்தமில்லை என்றுவிட்டார்கள். மூக்கைப் பற்றித் தரகர் இழுத்து இழுத்துச் சொன்ன பிறகுதான் அப்பா படத்தைப் பார்த்தார். திட்டு எனக்கு விழுந்தது. சாயங்காலம் அத்தை எனக்கு ஒரு பெரிய சாக்லேட் வாங்கிக் கொடுத்தாள். நான் அதைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் பட்டுக்கோட்டையில் ஒரு காதுகுத்து. அங்கே படம் எடுக்க வந்திருந்தவரிடம் என் குற்றத்தைச் சொல்லி அழுதேன்.

"கிட்டப் போனா மூக்குதான் பெருசாத் தெரியும் பாப்பா. தள்ளி நின்னு, நீள லென்ஸ்ல இழுத்து எடுக்கணும்" என்றார்.

நீள லென்ஸை மாட்டி, பந்தலின் ஒரு கோடியில் என்னை நிறுத்தி, கேமராவின் கனத்தைத் தாங்கிக்கொண்டார். மறுகோடியில் அத்தை பந்திக்கு இலை போட்டபடி யாரிடமோ சிரித்தாள். அமுக்கினேன். மூக்கும் காதும் அதனதன் அளவில் இருந்தன. அத்தை இவ்வளவு அழகா என்று இருந்தது. அவரிடம் சொல்லி அப்பாவின் போனுக்கு அனுப்பவைத்தேன்.

மூன்றாவது வரன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தது. வந்த அன்றே முடிவாகிவிட்டது. தை மாதத்திலேயே கல்யாணம். படிப்பெல்லாம் போதும் என்றார்கள்.

அவர்கள் கிளம்பியதும் அத்தையிடம் ஓடினேன். "அந்தப் படம் நான்தான் எடுத்தேன் அத்தை. தள்ளி நின்னு எடுத்தேன்."

லென்ஸைப் பற்றிப் பாடமே படித்தவளுக்கு, கிட்ட நின்றால் முகம் என்ன ஆகும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

"நல்லா எடுத்திருக்கடி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். என் தோள் நனைந்தது. கல்யாண சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்து, நானும் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.