விறகில்லாமல் இறங்கி வந்தவர்

ஹாலிஎலச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. மடுல்சீமையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிக்காரர், "ஆயம்மா, செல்லம்மா அக்கா போன வெள்ளிக்கெழம தவறிட்டாங்க. அடக்கமும் முடிஞ்சிருச்சு" என்றார். நாலு நாள் கழித்து எனக்குச் சொல்கிறார்கள்! அவரைக் கண்டபடி ஏசிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். அந்த ரோடு இருக்கிற இலட்சணத்துக்குச் சாவுச் சேதிகூட நடந்துதான் வரும்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். ஒல்லியான உடம்பு, ஓங்கிப் பேசாத குரல். லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பரா அவருடையது. நான் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

அறுபதுகளின் கடைசியில் என் மகள் காய்ச்சலில் போனாள். இரண்டு வயது. அவள் தொட்டிலும் அதே பிள்ளைக் காம்பராவில்தான் கட்டியிருந்தது. காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் அழுதால் என் மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் அந்தச் சத்தம் விடாது. தூக்கம் போயிற்று. ஒரு சனிக்கிழமை, ஓயாமல் அழுத ஒரு கைக்குழந்தையை நோக்கிக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அடித்திருப்பேன். அது செல்லம்மா அக்காவின் கடைசிப் பிள்ளை. விஷயம் அன்றைக்கே கங்காணி காதுக்குப் போய், இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆளைப் போடுவதாகச் சொல்லிவிட்டார். வேலை போவதைவிட, என் கையை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

அக்கா சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வந்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. என்னோட மேல வா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் விறகுக் கயிறும் கத்தியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தோட்டத்துப் பெண் காட்டுப் பக்கம் ஏறினால் தலையில் விறகுக் கட்டோடுதான் இறங்குவாள். வெறுங்கையோடு வந்தால் லயமே வாய்க்கு வந்ததைப் பேசும். அக்கா என் கயிற்றை வாங்கி வாசலில் வைத்தார். "வெறகுக்குப் போகல. சும்மா போறோம்."

எனக்கு எரிச்சல். கிடைக்கிறதே ஒரு நாள், துணி மலையாகக் கிடக்கிறது, இவருக்குச் சும்மா போக வேண்டுமாம்! வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன். அவர் முன்னால் ஏறிக்கொண்டே இருந்தார். கடைசித் தேயிலைச் செடியும் முடிந்து, மானாப்புல் மட்டும் காற்றில் சாயும் உச்சிக்கு வந்ததும் உட்கார்ந்தார். "இங்க தேயில இல்ல. அதான் கை சும்மா இருக்கு" என்று கறை படிந்த விரல்களை விரித்துக் காட்டினார்.

கீழே பள்ளம் முழுதும் பனி. புல்லின் சரசரப்பும் எங்கோ ஒரு குருவியும்தான். எப்போது தூங்கினேனோ தெரியாது. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் முகத்தில் மட்டும் நிழல். அக்கா தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி இருந்தார். அப்போதுதான் மகளின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் தன் பிள்ளையை அவர் என் கையில்தான் கொடுத்தார்.

பிறகு பல வருஷம், ஞாயிறு வந்தால் போவோம். எங்களுக்குப் பேய் பிடித்திருக்கிறது, நாங்கள் புதையல் தேடுகிறோம் என்றெல்லாம் லயத்தில் கதை கட்டினார்கள். "பேசட்டும் விடு. அவங்களுக்கும் பொழுது போகணும்ல" என்பார் அக்கா.

நான் மகனோடு ஹாலிஎலவுக்கு வந்தபின் போவது குறைந்தது. போன வருஷம் பார்க்கப் போனபோது அக்காவால் வாசலுக்குக்கூட வர முடியவில்லை. அவருக்காக மேலே ஏறி ஒரு பிடி மானாப்புல் பறித்து வந்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் புத்தி. "எதுக்குடி புடுங்கின? இத்தன வருசம் வந்தும் ஒன் கை சும்மா இருக்கல பாரு" என்று ஏசினார். பிறகு அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

சேதி கேட்ட மறுநாள் போனேன். குழிமேட்டில் மண் இன்னும் காயவில்லை. அங்கே நிற்க மனம் ஒப்பாமல், முழங்கால் வலியோடு மேலே ஏறி உட்கார்ந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இறங்கும் வழியில் காய்ந்த சுள்ளி ஒன்று கிடந்தது. பழக்கதோஷத்தில் குனிந்து எடுத்தேன். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

போய் வாருங்கள், அக்கா. எல்லாரும் வெறுங்கையோடுதான் போகிறார்கள். அப்படிப் போய்ப் பழகியிருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.