விடு என்று சொல்லாதவர்கள்

என் அக்காவின் கணவர் கண்ணாடி வெட்டுகிறவர். இப்போது அவர் கடையில் படச் சட்டத்துக்குப் போடும் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும்தான் கிடைக்கும். ஒருவர் தனியாகத் தூக்க முடியாத எதையும் அவர் தொடுவதில்லை. பெரிய வேலை வந்தால் அடுத்த தெருக் கடையைக் கைகாட்டிவிடுவார். வயதாகிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஒரு காலத்தில் கதவு உயரக் கண்ணாடியை அவரும் அவருடைய கூட்டாளியும் மாடி மாடியாக ஏற்றியிருக்கிறார்கள். கூட்டாளிக்கு எல்லோரும் வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாத மனிதர். தூக்கும்போது அத்தான் முன்னால், ரேடியோ பின்னால். தூக்கு, நில்லு, வை என்பதெல்லாம் பின்னால் இருப்பவர் சொல்ல வேண்டியவை. 'விடு' என்ற சொல்லுக்கு மட்டும் அவர்களிடையே இடமில்லை. காதில் விழுந்தால் கை தானாகத் திறந்துகொள்ளும் என்பது ரேடியோவின் கட்சி. வேலையில்லாத நேரத்திலும் அப்படித்தான். என் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், "அந்தக் கோவத்தைக் கொஞ்சம் கீழ வையும்மா" என்பார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ரேடியோவுக்குச் சாமி பூதம் எதுவும் கிடையாது. கடை திறந்த அன்று அத்தான் அவர் கையை வெட்டுமேசை மேல் பிடித்து வைத்துக்கொண்டு, கர்த்தர் சாட்சியாக இருவரும் கடைசிவரை சேர்ந்திருப்போம் என்று ஜெபம் பண்ணினார். ரேடியோ பாதியிலேயே ஆமென் சொல்லிவிட்டார். ஜெபம் முடிந்ததும் இன்னொன்று சொன்னார். அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து அத்தானைச் சபைக்கு மூப்பராக்கலாம் என்று பேச்சு வந்தது. அவருக்கு அதில் ஆசை இருந்தது. படிக்காத தனக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஆனால் இருக்கிற மூப்பர் வீட்டுக்கே வந்து, அவிசுவாசியோடு கூட்டு வைத்திருப்பது வேதம் விலக்கிய அந்நிய நுகம், அதை அறுத்துவிட்டு வந்தால்தான் நாற்காலி என்றார். அந்த மனிதர் தன் வீட்டு மாடியை ஒரு அவிசுவாசிக்கு வாடகைக்கு விட்டபோது எந்த நுகத்தையும் பார்க்கவில்லை. நான் அதைக் கேட்டே விட்டேன். அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அத்தான் மாதக்கணக்கில் மென்று முழுங்கினார். பிறகு ஒரு காலையில் கண்ணாடி வெட்டும் தன் வைரமுனையை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிரிந்துகொள்வோம் என்றார். நானும் அங்கே இருந்தேன். ரேடியோ கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லு."

"நீ ஒண்ணும் பண்ணல. நுகம் சரியில்லன்னு சொல்றாங்க."

"நாம தூக்குறது கண்ணாடிடா. ஏர் ஓட்டுறமா என்ன?" என்று சிரித்தார் ரேடியோ. அத்தான் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் ரேடியோவுக்கு உறைத்தது. "உன் சாமியைச் சாட்சி வெச்சுதானே ஆரம்பிச்சோம். அவருகிட்ட கேட்டியா?"

அத்தான் தெருவில் இறங்கிவிட்டார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அத்தானாயிற்றே, பின்னாலேயே நடந்தேன்.

ரேடியோ வேறு ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டார். நல்ல உழைப்பாளி, ஆனால் தொழிலுக்குப் புதுசு. ஒரு வீட்டின் மாடிப்படி ஜன்னலுக்கு இருவரும் கண்ணாடி ஏற்றியபோது, முன்னால் போனவரின் தோள் பட்டுப் புதுச் சுவரில் கீறல் விழுந்தது. அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். கீழே நின்ற வீட்டுக்கார அம்மாவுக்கு இரக்க சுபாவம்.

"பரவாயில்ல, சுவர்தானே. விடுங்க."

அவர் விட்டுவிட்டார். முழுக் கண்ணாடியும் பின்னால் நின்ற ரேடியோமேல் சரிந்தது.

மருத்துவமனை வராந்தாவில் அத்தான் மடியில் வேதத்தை விரித்து உட்கார்ந்திருந்தார். உள்ளே போக அவருக்குத் தைரியமில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் இஸ்ரவேலரின் தலைவர் யோசுவாவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கிபியோன்காரர்கள் தூரதேசத்திலிருந்து வருவதுபோல் கிழிந்த செருப்பும் பூசணம் பிடித்த அப்பமும் காட்டி இஸ்ரவேலரோடு உடன்படிக்கை பண்ணிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் என்று பிறகு தெரிந்தது. ஜனங்கள் முறுமுறுத்தார்கள். ஆனாலும் கர்த்தர்பேரில் ஆணையிட்டாயிற்று என்று யோசுவா அவர்களைக் கைவிடவில்லை. அவர்களுக்காகப் போருக்கே போனார்.

"ஏமாந்து குடுத்த வாக்கையே அவர் காப்பாத்தினாரு. என்னை யாருமே ஏமாத்தலடா" என்றார் அத்தான்.

அன்று சாயங்காலமே ரேடியோ போய்விட்டார். கடைசிவரை நினைவு திரும்பவில்லை. அத்தான் அவரிடம் சொல்ல நினைத்தது என்னவோ, அது அத்தானிடமே தங்கிவிட்டது.

பொது மயானத்தில் நடந்த அடக்கத்துக்கு மூப்பரும் வந்திருந்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்க ஆள் வேண்டும் என்றபோது அத்தான் யாரையும் கேட்காமல் முன்பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பெட்டி மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது. விடுங்க என்று யாரோ சொன்னார்கள். மற்ற கயிறுகள் தளர்ந்தன. அத்தானுடையது மட்டும் விறைப்பாகவே நின்றது. விடுங்க, விடுங்க என்று நாலு பக்கமும் சொன்னார்கள். மூப்பரும் சொன்னார். அத்தானின் உள்ளங்கையிலிருந்து கயிற்றில் ரத்தம் கசிந்தது. அவர் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அத்தானிடம் நான் அதுவரை ஒருமையில் பேசியதில்லை. பின்னால் போய் நின்று அவர் காதருகே குனிந்தேன்.

"வை" என்றேன்.

அப்போதுதான் அவர் கை திறந்தது.