ஜெயமேரி இறக்கிய கொடி

தலைச்சோலைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர் குடும்பங்களுக்குத் துணி தைத்துக் கொடுத்துவந்தவள் ஜெயமேரி. எழுபத்தெட்டாம் வருடம், எஸ்டேட் கோயிலின் பாதுகாவலரான ஜார்ஜியாரின் கொடியை எலி கடித்துவிட்டது. திருவிழா நெருங்கிவிட்டது. புனிதரின் படம் எழுத ஆள் அகப்படவில்லை. கோயிலில் இருந்த ஜார்ஜியார் சுரூபத்தின் கைக் கேடயத்தைப் பார்த்து, வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை வைத்துப் புதுக்கொடி தைத்தாள் ஜெயமேரி.

கொடி பாதிக் கம்பம் ஏறியபோது, காப்பிச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியோடு வந்து கயிற்றைப் பிடித்தான் அங்கப்பன். அதே எஸ்டேட்டில் வேலை செய்பவன்.

"எறக்குங்க! இது இங்கிலாந்துக்காரன் கொடி!"

ஜெயமேரியின் கணவர், கோயில் உபதேசியார் சிங்கராயர், முன்னால் வந்தார். "எங்க ஜார்ஜியார் கொடிங்க இது. அவங்க நாட்டுக்கும் இவருதான் பாதுகாவலரு. அதுக்கு நாங்க என்ன பண்றதுங்க?"

"இதையேதான் அப்ப வெள்ளக்காரத் துரையும் பங்களாவுல ஏத்துனான். தலைப்பாவ அவுக்கலைன்னு எங்கப்பன இதுக்கடியிலதான் போட்டு அடிச்சாங்க. சாகறவரைக்கும் அவருக்குக் காது கேக்கலீங்க."

கோயில் இளைஞர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அங்கப்பனுக்குப் பின்னால் தடிகளோடு ஆட்கள் சேர்ந்தார்கள். அங்கப்பனின் அப்பா சித்தனுக்குச் சட்டை அளவெடுக்கும்போதெல்லாம் சைகையில்தான் பேசியிருக்கிறாள் ஜெயமேரி. அவருக்குக் காது எப்படிப் போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் நேரே நடந்தாள். "அங்கப்பண்ணா, கயித்த எங்கிட்டக் குடுங்க."

"தொட்டீன்னா ஊட்டுக்கு வராத!" என்று கத்தினார் சிங்கராயர்.

அவன் விட்ட கயிற்றை வாங்கி, கொடியை இறக்கினாள். "தெரியாமத் தைச்சுட்டேனுங்க. ஜார்ஜியாரு நமக்கு வேணும். இந்தச் சிலுவத்துணி வேண்டாம்."

யாரும் கலையவில்லை. அத்தனை பேர் நடுவே கம்பத்தடியில் உட்கார்ந்து, பிளேடால் தையலைப் பிரித்தாள். இரண்டு முறை விரலை அறுத்துக்கொண்டாள். பிரித்தெடுத்த சிவப்புத் துணியில் ஒரு குதிரையையும், அதன்மேல் வேலோடு ஜார்ஜியாரையும் வெட்டி, வெள்ளையின்மேல் வைத்துத் தைத்தாள். குதிரை கோணலாகத்தான் வந்தது.

அங்கப்பன் வெகுநேரம் அதைப் பார்த்தான். பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தான். அவன் ஆட்களும் போனார்கள். கொடி ஏறியது.

திருநாளன்று தேர் கடந்தபோது அங்கப்பன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஒரு கல்கூட வந்து விழவில்லை. சிங்கராயர் அந்த மாதம் முழுக்க மனைவியோடு பேசவில்லை; அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை.