வெர்னாவின் டேங்க் மூடி

அமெரிக்காவின் டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா ஹால்வர்சன், காதலுக்காகத் தன் காரையே நோயாளியாக்கினாள். ஐம்பத்தெட்டு வயதில் இந்தக் கூத்து தேவையா என்று கேட்பவர்கள் ஆரினைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆரின், கார் உதிரிபாகக் கடையின் கவுண்டரில் நிற்பவர். மனைவி இறந்து வருஷங்கள் ஆகின்றன. யார் காரில் இஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் ஒரு கருவியோடு வெளியே வந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகி, என்ன பழுது என்று காசு வாங்காமல் சொல்வார். வெர்னாவின் கார் இருபது வயதுக் கிழம். முதல் தடவை விளக்கு தானாகத்தான் எரிந்தது. கருவி P0455 என்றது. பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறதாம். பார்த்தால், டேங்க் மூடியை அவள் சரியாகத் திருகவில்லை. கொட்டும் பனியில் தொப்பிகூட இல்லாமல் நின்று, அவளுடைய அசட்டுக் கேள்விகளுக்கெல்லாம் ஆரின் பொறுமையாகப் பதில் சொன்னார். வீடு போய்ச் சேரும்வரை வெர்னா பாடிக்கொண்டே ஓட்டினாள்.

அதன்பிறகு அவள் மூடியை ஒழுங்காக மூடவே இல்லை. சில நாள் ஓட்டினால் விளக்கு எரியும். உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவாள். மறுபடியும் அதேதான் என்பார் ஆரின், மூடியைத் திருகி விளக்கை அணைப்பார். குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. மனுஷர் வேறு ஏதாவது பேசினால்தானே.

பனி உருகியபோது வெர்னாவுக்கு ரோசம் வந்தது. ஆசை இருந்தால் அவரே தேடி வரட்டும் என்று, பெட்ரோல் போட்டதும் மூடியைக் கடகடவென்று சத்தம் வரும்வரை திருகினாள். அப்படியும் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை வண்டிக்கு நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டதென்று பதறிக்கொண்டு ஓடினாள். கருவி பழைய எண்ணையே காட்டியது.

"ஆரின், இத்தன நாளும் நான்தான் வேணும்னே தளர்த்தி வச்சேன்," என்று கொட்டிவிட்டாள். "இந்தத் தடவ சத்தியமா நான் இல்ல."

ஆரினின் காது சிவந்தது. கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு மூடியை எடுத்தார்.

"இதுதான் உங்களோடது. போன தடவ நான்தான் மாத்தினேன். இப்ப இருக்கறது ரப்பர் வெடிச்ச பழசு. நீங்க எங்க வராம போயிடுவீங்களோன்னு…"

வெர்னா சிரித்த சிரிப்பில் கடைக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல மூடியை மாட்டிவிடவா என்று ஆரின் தயங்கியபடி கேட்டார்.

"முதல்ல மீன் வறுவல் சாப்பிடப் போலாம்," என்றாள் வெர்னா. "வண்டியில ஏறுங்க."