சின்னாயி கொண்டுவந்த தண்ணீர்

சகாயம்மாள் டீச்சர் டார்ச் லைட் ஸ்பிரிங் ஒன்றை இடுக்கியால் இழுத்து, தகரத் தட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். திருப்புளி கொண்டையில் செருகியிருந்தது. சுற்றிலும் பெண்பிள்ளைகள் தரையில் குந்தி ஒயர் சீவிக்கொண்டிருந்தார்கள்.

சேலத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த லாசரின் மகள் அவள். பி.எட். முடித்து எருமப்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கு வந்த வருஷமே அறிவியல் மன்றம் தொடங்கிவிட்டாள். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் சந்தேகம் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தால் பள்ளிக்கூட மணி ஒரு வாரம் அடிக்காமல் கிடந்தது.

எண்பத்தைந்தில் பிள்ளைகள் பத்திரிகையில் ஜப்பான்காரன் ரோபோவைப் பார்த்துவிட்டு, அதேபோல் ஒன்று வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்கள். லாரி வைப்பர் மோட்டார், பழைய பாட்டரி, மண்ணெண்ணெய் டின்னில் உடம்பு, தலைக்குச் சவுரி. சின்னாயி என்று பெயரும் வைத்தாயிற்று. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது அதன் வேலை. தட்டில் சொம்பை வைத்தால் கனத்தில் சுவிட்ச் அமுங்கி முன்னே போகும்; சொம்பை எடுத்தால் பின்னால் திரும்பி வரும்.

இதற்குள் தாளாளர் அர்த்தநாரி மன்றத்து அறையைத் தையல் வகுப்புக்குக் கேட்டார். பெண்பிள்ளைகளுக்கு மோட்டார் எதற்கு என்பது அவர் கட்சி. வந்து பார்ப்பாராம், பிடிக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். வேறு இடம் கிடையாது. அறை போனால் மன்றமும் போச்சு.

வந்தார். சுவரோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். குஞ்சம்மாள் என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் சொம்பை வைக்க, சின்னாயி உறுமிக்கொண்டு அவரை நெருங்கியது.

"இருக்கட்டுஞ் சாமி, இப்பத்தான் குடிச்சேன்" என்றார் அர்த்தநாரி.

அந்தப் பக்கத்தில் முதல் தரம் சொன்னதும் யாரும் எதையும் வாங்கமாட்டார்கள். ஒத்திகையிலோ, பிள்ளைகள் தாகத்தில் சொம்பைப் பிடுங்கியே பழகியிருந்தார்கள். வீட்டிலும் விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுபோய் நீட்டிய கைகள் அவை. விருந்தாளியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. சொம்பு இறங்கவில்லை, எனவே சின்னாயியும் விடவில்லை. அவர் கால்விரல்மேல் ஏறியது. காலைத் தூக்கி நாற்காலிமேல் மடக்கிக்கொண்டார். நாற்காலியைச் சுவரோடு நெரித்து, வேட்டியில் தண்ணீரைத் தெளித்தது.

மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் முதுகில் இருந்தது. குஞ்சம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணாலேயே அவளை இருக்கச் சொன்னாள்.

"டீச்சர், இத நிறுத்துங்க."

"சொம்ப வாங்கிக்கிட்டா அதுவே போயிருமுங்க. வேண்டாம்னா உட்டுப்போட்டுப் போறதுக்கு அதென்ன வெளியூருங்களா?"

வாங்கினார். சின்னாயி சமர்த்தாகப் பின்வாங்கியது. முழுச் சொம்பையும் குடித்துவிட்டு, தன் வீட்டுக்கு வருகிறவர்களையும் இப்படித்தான் படுத்துகிறோமா என்று கேட்டார்.

"உங்க ஊட்ல இன்னும் மோசமுங்க" என்றாள் குஞ்சம்மாள். "போன நோம்பி விருந்துக்கு எங்கப்பன் எலையவிட்டு எந்திரிக்கவே முடியலீங்க."

அவர் தொப்பை குலுங்கியது. "ரூம நீங்களே வெச்சுக்கங்க டீச்சர். தையலுக்கு வேற எடம் பாத்துக்கறேன். ஆனா இவளுக்கு எதுத்தாப்புல ஆளிருக்கறது தெரியோணும்."

டீச்சர் ஈரத்துணியை எடுத்து அவர் கால்விரலில் சுற்றிவிட்டாள். வீக்கம் இல்லை.

மறுநாள் காலை, பிரார்த்தனை மணிக்கு முன்னால், பிள்ளைகளை முறைவைத்து நாற்காலியில் உட்காரவைத்து 'வேண்டாம்' சொல்லப் பழக்கினாள். பிறகு சைக்கிள் பிரேக் கம்பியை மீசைபோல் சின்னாயிக்கு முன்னால் கட்டினார்கள். அது காலில் பட்டால் மோட்டார் நின்றுவிடும். டீச்சரே உட்கார்ந்து வேண்டாம் என்றாள். மீசை பட்டு, சின்னாயி நின்றது. "இது மொதத் தரந்தானுங்களே" என்று குஞ்சம்மாள் அதன் முதுகில் கைவைத்து இன்னொரு தரம் தள்ளிவிட்டாள்.