ஏழாவது தூண்

இடிக்கப்போகிற கட்டடங்களை அளந்து, படம் வரைந்து, கோப்பில் வைப்பது என் பிழைப்பு. இதே பிழைப்பில் கிடந்து அல்லாடுகிறவர்களுக்குத் தெரியும், நாம் டேப்பை விரித்தாலே ஊருக்கு விஷயம் புரிந்துவிடும். டீ கொடுப்பவர்கூட ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். திருத்தணி ஸ்டேஷனின் பழைய பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று என்னை அனுப்பியபோதும் அதே கதைதான்.

பெயின்ட்டுக்கு அடியில்

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க முனுசாமி கிடைத்தார். பார்சல் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போனவர். ஸ்டேஷனில் அவருக்குத் தெரியாத செங்கல் கிடையாது. வளைவு வைத்த ஜன்னல்கள், தேக்கு உத்தரத்தின்மேல் சின்னச் செங்கற்களைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை, பிளாட்பாரக் கொட்டகைக்குத் தேய்ந்த தண்டவாளங்களையே நிமிர்த்தி நட்டுவைத்த பதினெட்டுத் தூண்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

எத்தனை பூச்சு இருக்கிறது என்று பார்க்கச் சுவரைச் சுரண்டினேன். தமிழ் எழுத்துக்குக் கீழே தெலுங்கு எழுத்து வந்தது. ஊர் கொஞ்ச காலம் ஆந்திராவில் இருந்ததே, அப்போது எழுதியதாக இருக்கும். அதற்கும் அடியில் மறுபடி தமிழ். முனுசாமி எட்டிப் பார்த்தார். "எங்க ஊட்லயும் இப்டித்தான் சார். அப்பாவ தெலுங்குல நைனான்னு கூப்ட்டுகினே தமிழ்ல சண்ட போடுவோம்."

மொட்டை அடையாளம்

கோவிந்தம்மாளைப் பார்த்தது ஒரு கிருத்திகை நாளில். மணவூரில் விவசாயக் குடும்பம். பிளாட்பாரத்தில் வேலை நடக்கும் பகுதியைத் தகரம் வைத்து அடைத்திருந்ததால், உள்ளே வர முடியாமல் தகரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது, மறதி நோய் வந்த கணவரை மலைமேல் கூட்டத்தில் தொலைத்தவர். அன்றிலிருந்து மாதம் தவறாமல் கிருத்திகைக்கு வருகிறாராம்.

தொலைந்த அன்று மைக்கில் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள்: மொட்டை போட்டவர், தலையில் சந்தனம், மஞ்சள் வேட்டி. முடி கொடுக்க வந்த கூட்டம் வேறு எப்படி இருக்கும்? பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா மேலே சொன்னதும் அது நின்றுவிட்டது. "அந்தத் தலய மொட்டையா நான் பாத்ததே இல்ல சார். அவருன்னு நெனச்சி ஒருத்தரு கைய புட்சிகினு ரொம்ப தூரம் வந்துட்டேன். திரும்பிப் பாத்தா வேற ஆளு."

சிவப்பு வட்டம்

அன்று மலையேறுமுன் கணவரிடம் கோவிந்தம்மாள் ஒன்று சொல்லியிருக்கிறார்: பிரிந்துபோனால் ஸ்டேஷனில் ஏழாவது தூணில் வந்து நிற்க வேண்டும், அங்கேதான் நாம் ஏறுகிற ரயில் பெட்டி வந்து நிற்கும். பெண்டாட்டி பேர் மறந்தாலும் அவருக்கு எண்ண மறக்கவில்லை. ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டே படி ஏறினாராம். அந்தத் தூணையும் எடுத்துவிடுவீர்களா என்றுதான் அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

அவர் கணவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியமும் இல்லை. பழைய கட்டடத்தின் ஞாபகமாக ஒரு தூணை மட்டும் விட்டுவைக்கலாம் என்று, இடிப்பு வேலையைக் கவனித்த என்ஜினியரை ஒரு வாரம் நச்சரித்தேன். படத்தில் ஏழாம் நம்பருக்குச் சிவப்பு வட்டம் போட்டு நீட்டினேன். சலித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "வெச்சுக்கோய்யா. விட்டா ஸ்டேஷனையே தூக்கிக்கினு போய்டுவே போல."

மலைப் பக்கம்

வேலை முடிந்த பிறகு ஒரு கிருத்திகையன்று போனேன். பதினேழு தூண்களை அறுத்து லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பளபளக்கும் புதுத் தரையில் ஒரு தூண் மட்டும் பெயின்ட் அடித்து நின்றது. ஒளிப்பானேன், கோவிந்தம்மாளிடம் நல்ல பேர் வாங்கத்தான் போனேன்.

அவர் தூணைத் தொட்டுப் பார்த்தார். பிளாட்பாரத்தின் இரண்டு கோடிகளையும் பார்த்தார். முனுசாமிதான் என்னைத் தனியே இழுத்து விஷயத்தை உடைத்தார். படத்தில் இடது பக்கத்திலிருந்து நம்பர் போடுவது எங்கள் வழக்கம். அப்படி என் ஒன்றாம் நம்பர் அரக்கோணம் பக்கத்துக் கோடியில் விழுந்தது. இங்கே வருகிறவர்களோ கடையானாலும் தெருவானாலும் தூணானாலும் மலைப் பக்கத்திலிருந்துதான் எண்ணுவார்களாம். அந்த அம்மாவின் ஏழாவது தூண் என் படத்தில் பன்னிரண்டாவது. அது எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தது.

தப்பு என்னுடையதுதான் என்று கோவிந்தம்மாளிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றினார். "உடுங்க சார். அதே தூண வெச்சிருந்தாலும், மத்ததெல்லாம் இல்லாம அவரு எப்டி ஏழு எண்ணுவாரு?"

மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிறவன் என்று பேர் வாங்கிய நான், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவீர்கள் என்று அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.